கயிற்றில் கை வைத்தவர்கள்

ஆலங்குடாவில் கரைவலை இழுப்பதை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடாது. வலையை இழுப்பது ட்ரக்டர். அதன் பின்னால் பூட்டிய இரும்பு உருளை சுற்றச் சுற்ற, கடலிலிருந்து கயிறு வந்துகொண்டே இருக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்களும் நடந்து வருவார்கள். ஆண்கள், பெண்கள், காலை இழுத்து நடக்கிற வயதாளிகள். யாரும் இழுப்பதில்லை. பிடித்திருப்பார்கள், அவ்வளவுதான். நித்திரையில் நடப்பவர்களைப் போல அலை விளிம்பிலிருந்து மணல் மேடு வரைக்கும் வருவார்கள், கயிற்றை விடுவார்கள், திரும்பிப் போய் மறுபடி பிடிப்பார்கள். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் இதைப் படம் எடுக்கிறார்கள். ஏதோ பண்டிகை என்று நினைக்கிறார்கள்.

பண்டிகை இல்லை. மஸாஹிர் என்ற மனிதர் ஒரு காலையில் ட்ரக்டரை நிறுத்தினார். அன்றிலிருந்து வந்த பழக்கம் இது. அவருக்குப் பிறகு ட்ரக்டர் ஓட்ட வந்த சிலாபத்து ஆளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. இந்தக் கரையில் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணி, ஆட்களின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக ஓட்டுகிறார்.

மஸாஹிர் இப்போது இல்லை. போன வருஷத் தென்மேல் காற்றுக் காலத்தில், வலையெல்லாம் கரையேறியிருந்த மாதத்தில், ஒரு வெங்காயத் தோட்டத்தில் நீர்ப்பம்பு திருத்திக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பம்பு ஓடத் தொடங்கியிருந்தது. அவர் எழும்பவில்லை.

கண்ணைத் திறந்தபடியே கனவு காண்கிற ஆள் அவர். மனைவி கைருன்னிஸாவின் வாழ்நாள் முறைப்பாடு அது. "தேத்தண்ணியக் குடுத்தா குடிக்கணும். இந்த மனிசன் கோப்பைக்குள்ள கப்பல் பாப்பார்" என்பாள். உண்மைதான். என்ஜின் சத்தம் கேட்டால் அவருக்கு அது இன்னும் கூடும். பம்பு ஒரு தாளத்தில் ஓடத் தொடங்கிவிட்டால் முகம் தளர்ந்து, கண் தூரத்துக்குப் போய்விடும். அந்த நேரம் கூப்பிட்டால் ஓம் என்பார். என்ன கேட்டார்கள் என்று பிறகுதான் கேட்பார்.

பிறந்தது மன்னாரில். தொண்ணூறாம் ஆண்டு, போரின் நடுவில், ஆயுதக்காரர்கள் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது, உம்மாவோடு வள்ளத்தில் வந்து இந்தத் தீபகற்பத்தில் இறங்கினார். மீசை அரும்பிய வயது. கையில் ஒரு துணிப் பையும் ஒரு ஸ்பனரும். "இத என்னத்துக்குத் தூக்கிட்டு வந்த?" என்று உம்மா வள்ளத்தில் வைத்துக் கேட்டாராம். வேலை செய்துகொண்டிருந்த கையோடு வந்துவிட்டது, அவ்வளவுதான். குடிசை போட இடம் கொடுத்தது இந்தக் கரையின் பழைய குடும்பம் ஒன்று. தங்கள் தென்னை வளவில் ஒரு மூலையைக் காட்டி, இருங்கள் என்றார்கள். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன்தான் பிறகு சுஹைர் ஹாஜியார் ஆனார். வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர். அப்படிப்பட்டவரை இங்கே சம்மாட்டி என்பார்கள்.

கரைவலைக்கு ஒரு முறை இருக்கிறது. விடியற்காலையில் வள்ளம் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வரும். ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து வெயில் ஏறும் வரைக்கும் இழுப்பார்கள். வலையின் நடுவில் மீன் சேருகிற பைதான் மடி. மடி கரையேறினால் மீன் மணலில் குவியும். வியாபாரி லொறியோடு நிற்பான். விற்றதில் பாதி சம்மாட்டிக்கு, பாதி இழுத்தவர்களுக்கு.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடக்கும். வியாபாரி வாயைத் திறந்து விலை கேட்பதற்கு முன், கயிற்றில் கை வைத்த எல்லாரும் குனிந்து தங்கள் வீட்டுக் கறிக்கு மீன் எடுப்பார்கள். அதற்குப் பெயர் கறிமீன். விடியலிலிருந்து இழுத்தவனா, கடைசி நேரத்தில் ஓடிவந்து பிடித்த விதவையா என்று பார்ப்பதில்லை. அளப்பதில்லை. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அது இன்னும் யாருடைய மீனும் இல்லை. விலை பேசிய பிறகுதான் அது சம்மாட்டியின் மீன், வியாபாரியின் மீன், கொழும்பின் மீன்.

அகதியாக வந்த முதல் வருஷங்களில் மஸாஹிரும் உம்மாவும் பசியாறியது அந்தக் கறிமீனில். பிறகு அவர் தோட்டக்காரர்களின் பம்புகளைத் திருத்தப் பழகினார். கைருன்னிஸாவைக் கட்டினார். நப்லா பிறந்தாள். போர் முடிந்ததும் மன்னாருக்கு ஒரு தடவை போய்வந்தார். பழைய வளவில் காடு நின்றது. வீட்டில் வாசற்படி மட்டும் மிச்சம். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினார். "என்ன இருந்திச்சி?" என்று கைருன்னிஸா கேட்டாள். "காத்து நல்லா இருந்திச்சி" என்றார்.

போர் முடிந்து ஏழெட்டு வருஷத்தில் கரை மாறிவிட்டது. ஹோட்டல்கள் வந்தன. மின்சாரம் எடுக்கிற காற்றாடிக் கம்பங்கள் வந்தன. இளந்தாரிகள் வெயிட்டர் வேலைக்குப் போனார்கள். இழுக்க ஆள் குறைகிறது என்று சொல்லி சுஹைர் ஹாஜியார் இரண்டு ட்ரக்டர் இறக்கினார். ஒன்றை ஓட்டத் தன் தங்கையின் மகன் முபாரிஸை வைத்தார். மற்றதுக்கு மஸாஹிரைக் கூப்பிட்டார்.

"நீ என்ஜின் தெரிஞ்ச ஆள். மாசச் சம்பளம். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே சம்பளம்" என்றார்.

மஸாஹிர் வாழ்க்கையில் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. நப்லா அந்த வருஷம்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டி, மின்மோட்டார் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, பஸ். கைருன்னிஸா அன்று இரவு இரண்டு ரக்அத் தொழுதாள்.

ட்ரக்டரை அவருக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க முடியாது. கிளச்சில் கால் வைத்தால் அறுபது ஆளின் பலம் காலுக்குக் கீழே முனகும். உருளையில் ஈரக் கயிறு சுற்றும். வெயிலில் உப்பு காய்ந்து பொடியாகப் பறக்கும். அந்தப் பொடிக்குள்ளால் கடலைப் பார்த்தால் கடல் வெள்ளைத் துணி மாதிரி, அதை யாரோ கரைக்கு இழுத்து மடித்து வைக்கிற மாதிரி இருக்கும். மஸாஹிர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முபாரிஸ் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுவான். இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் வலை சாய்ந்து மீன் போய்விடும். "மாமா! முழிப்பா, தூக்கமா?" என்று கத்துவான்.

"ரெண்டும்" என்று இவர் கத்துவார்.

மடி கரையேறும்போது பழைய ஆட்கள் மணல் மேட்டில் நின்றார்கள். முதல் நாள் நின்றார்கள், அடுத்த நாளும் நின்றார்கள். கையில் பிளாஸ்டிக் பேசின், பை. யாரும் குனியவில்லை. கயிற்றில் கை வைக்கவில்லையே. வியாபாரி விலை கேட்டான், ஹாஜியார் சொன்னார், லொறி போனது. மணலில் செதில் மட்டும் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நாலாம் நாள் நிற்கிறவர்கள் குறைந்தார்கள்.

பங்கும் மாறியது. பாதி சம்மாட்டிக்கு, பாதி மிசினுக்கு என்றார் ஹாஜியார். மடி தூக்குகிற ஆறேழு பேரின் கூலியும் ஓட்டுகிற இருவரின் சம்பளமும் மிசினின் பாதியிலிருந்து. மஸாஹிர் இதை வீட்டில் சொன்னார்.

"மிசினுக்குப் பாதியாம். மிசின் தின்றதில்ல."

"டீசல் குடிக்கும்" என்றாள் கைருன்னிஸா.

"டீசல் போக மிச்சம்?"

"ஹாஜியார்ட மிசின், ஹாஜியாருக்கு. உங்களுக்குச் சம்பளம் வருதா இல்லையா?"

வந்தது. அதனால் அவர் சோற்றுக்குக் குனிந்தார்.

ஹாஜியார் கெட்ட மனிதர் இல்லை. மேட்டில் நின்ற ஆட்களை அவரும் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலிருந்து, தொழுகை முடிந்து வந்து, தன் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் பார்சல் கொடுக்கத் தொடங்கினார். அரிசி, பருப்பு, சீனி, ஒரு டின்மீன். முஸ்லிம், கிறிஸ்தவர், சிங்களவர் என்று பார்க்கவில்லை. வரிசையில் நின்ற எல்லாருக்கும் கொடுத்தார். மகன் போனில் படம் எடுத்தான். டின்மீன் சீனாவிலிருந்து வந்தது.

பெரிய கோயில் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி விற்கிற யூஜீனியா என்று ஒருத்தி இருக்கிறாள். கடலுக்குப் புருஷனைக் கொடுத்தவள். நாக்கு நீளம். அவள் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் போனாள், பிறகு போகவில்லை. மஸாஹிர் ட்ரக்டருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, உங்கட மிசினுக்குக் கலியாணம் ஆகிட்டா?"

"ஏன் யூஜீனியா?"

"இல்ல, பாதிப் பங்கு எடுக்குதாம். பொஞ்சாதி புள்ளையள் இருக்கோ எண்டு கேட்டன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பார்சலுக்குப் போறதில்லையாம்?" என்று கேட்டார்.

"ஒருக்காப் போனன். ஹாஜியார் நல்ல மனிசன், குறை சொல்ல மாட்டன். ஆனா நானா, இவ்வளவு காலம் கறிமீன் எடுத்தன். எடுக்கக்குள்ள ஒருத்தருக்கும் சிரிச்சதில்ல. இப்ப சிரிக்கணும். போனுக்கும் சிரிக்கணும்." சேலைத் தலைப்பை உதறினாள். "எனக்குப் பல்லும் சரியில்ல."

அவள் போன பிறகு மஸாஹிர் கிரீஸ் வைத்த இடத்திலேயே திரும்பவும் கிரீஸ் வைத்தார்.

நப்லா விடுமுறைக்கு வந்திருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மஸாஹிர் பால்மா பக்கற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகள், இதுல வரி இருக்கா?"

"இருக்கு வாப்பா. விலைக்குள்ள இருக்கு."

"ஹாஜியார் வாங்கினா?"

"அதே வரிதான்."

"யூஜீனியா வாங்கினா?"

"அதேதான். பக்கற் ஆளப் பாக்காது."

அவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பக்கற் ஆளைப் பார்க்காது. திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். "கறிமீனும் ஆளப் பாக்காதுதான். ஆனா அது எடுக்கிற பக்கம். இது புடுங்கிற பக்கம்" என்றார். பிறகு கண் தூரத்துக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. நித்திரையில் அல்ல. ட்ரக்டர் இருக்கையில், வெயிலில், உருளை சுற்றும்போது. கயிறு வந்துகொண்டே இருக்கும், முடியாது. மடி கரையேறும். உள்ளே மீன் இல்லை. பாலாவி உப்பளங்களின் உப்புக் குவியல்கள் வந்து மணலில் சரியும். வெங்காயத் தோட்டங்கள் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். ஹோட்டல்கள், அவற்றின் நீல நீச்சல் தடாகங்கள் கொஞ்சமும் சிந்தாமல். காற்றாடிக் கம்பங்கள் சுற்றிக்கொண்டே வரும். ஹாஜியாரின் மாடி வீடு, பல்கனிக் கொடியில் காயும் உடுப்போடு. கடைசியில் மன்னார் வாசற்படி. எல்லாம் கரையில் குவிந்து கிடக்கும். வியாபாரி வாயைத் திறக்கப் பார்ப்பான். அதற்குள் யாரோ சொல்வார்கள்: விலை பேச முன்ன எடுங்க. மாவட்டம் முழுக்க வந்து குனியும். ஒரு வீட்டுக் கறிக்கு எவ்வளவோ அவ்வளவு. எடுத்த பிறகும் குவியல் குறைந்த மாதிரித் தெரியாது.

இதை அவர் கைருன்னிஸாவிடம் சொன்னார். "மாடி வீட்ட எப்படிக் கறி வைக்கிற?" என்று கேட்டாள்.

ஒரு நாள் மஸாஹிர், கயிறு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது கிளச்சை மிதித்தார். உருளை நின்றது. முபாரிஸுக்குக் கை காட்டினார், அவனும் நிறுத்தினான். ஹாஜியார் வந்தார்.

"என்ன?"

"மடி பாரமா வருது ஹாஜியார். கரை கிட்டினா கீழ் கயிறு மண்ணில உரசும். மிசின் இழுத்தா மடி கிழியும். கடைசிக் கயிறு கையாலதான் இழுக்கணும்."

பொய். முதலாம் கியரில் மெதுவாக இழுத்தால் ஒன்றும் கிழியாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் வலை புதிது, விலையோ பெரிது. ஹாஜியார் யோசித்தார். "கூப்பிடு ஆக்கள" என்றார்.

கூப்பிடத் தேவையிருக்கவில்லை. மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். கயிற்றில் கை விழுந்தது. மடி வந்தது. கூலி கேட்கவில்லை ஒருவரும். வியாபாரி வாய் திறப்பதற்கு முன் குனிந்தார்கள், சாளையும் காரலும் பேசினில் விழுந்தன. ஹாஜியார் பழைய வழக்கப்படி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறிமீன் எடுக்கும்போது சம்மாட்டி பார்ப்பது முறையில்லை.

அந்தப் பருவம் முழுக்க அப்படியே போனது. காலையில் மிசின், கடைசியில் கை. வெள்ளிக்கிழமை வரிசை குட்டையானது. யூஜீனியா மஸாஹிரைக் கண்டால் புருவத்தைத் தூக்குவாள். பாதையில் முன்பின் தெரியாத கிழவர்கள் அவருக்கு ஸலாம் சொன்னார்கள். அவர் ட்ரக்டரில் பாதி நித்திரையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவம் தொடங்கிச் சில வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எழும்பவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் சுஹைர் ஹாஜியார் தோடம்பழப் பையோடு வீட்டுக்கு வந்தார். கைருன்னிஸா கதிரையைத் துடைத்துப் போட்டாள். ஹாஜியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுகம் கிடைக்க துஆ ஓதினார். தேத்தண்ணீர் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மடி கிழியல்ல, மஸாஹிர்."

மஸாஹிர் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளும் முபாரிஸ்தான் உன்ட மிசின ஓட்டினான். மறந்துபோய்க் கடைசி மட்டும் இழுத்துட்டான். நான் ஓடிப்போய்ப் பாத்தன். ஒரு கண்ணி போகல்ல."

"ஓம்."

"உனக்குத் தெரியும்."

"தெரியும் ஹாஜியார்."

"அப்ப ஏன் பொய் சொன்ன? எனக்கு? எங்கட வளவுல இருந்துக்கிட்டு?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் ஸகாத் பிரிக்கிறன். பள்ளிவாசலுக்குக் குடுக்கிறன். அரசாங்கத்துக்குக் கட்டுறன், டீசலுக்குள்ள கட்டுறன், மிசின்ட லோனுக்குக் கட்டுறன். கிழமைக்குக் கிழமை பார்சல் குடுக்கிறன். இன்னும் என்ன செய்யச் சொல்ற?"

மஸாஹிர் தோடம்பழப் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க குடுக்கிறது பெரிய விஷயம்" என்றார். "அல்லாஹ் கபூலாக்கி ஏத்துக்கணும். ஆனா கறிமீன் நீங்க குடுக்கிற சாமான் இல்ல ஹாஜியார். அது உங்கட கைக்கு வர முன்ன போறது. அது அவங்கட ஹக்கு, அவங்கட உரிமை. நீங்க குடுத்தா அவங்க ஏழை. அவங்க எடுத்தா, அவங்க ஆக்கள்."

"இழுக்காத கயித்துக்கு என்ன ஹக்கு?"

"நீங்களும் இழுக்கிறதில்லையே."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்குத் தெரிந்தது. கைருன்னிஸா கதவடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ஹாஜியார் எழுந்தார். சால்வையைச் சரி செய்தார்.

"சுகமானா வா. வந்தா கடைசி மட்டும் மிசின். நிப்பாட்டுறதா இருந்தா வராத. வேற ஆள் இருக்கு." வாசலில் திரும்பினார். "புள்ள வந்தா பழத்தக் குடு."

அவர் போன பிறகு கைருன்னிஸா வெடித்தாள்.

"உங்கட கனவுக்கு என்ட மகளா காசு கட்டுற? இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு அவளுக்கு. ஊருக்குக் கறிமீன் வேணுமெண்டா ஊர் கேக்கட்டும். உங்கள யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"யூஜீனியா கேட்டாளா?"

"மிசினுக்குக் கலியாணம் ஆகிட்டா எண்டு கேட்டாள்."

கைருன்னிஸாவுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "நாளைக்குப் போய் வாயப் பொத்திட்டு ஓட்டுங்க" என்றாள். அவர் சரி என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அந்த இரவு அவர் மனதில் இருந்தது நப்லாதான், வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் கடல் அசையாமல் கிடந்தது. மெல்லிய பனிப்புகை. கயிறு அந்தப் புகைக்குள்ளிருந்து எங்கிருந்தோ வருவது போல் வந்தது. மஸாஹிருக்குக் காய்ச்சல் முழுக்க விடவில்லை. தலை பஞ்சு மாதிரி இருந்தது. என்ஜின் சத்தம் தூரத்தில் வேறு யாருக்கோ கேட்பது போல் கேட்டது. ஹாஜியார் பக்கத்திலேயே நின்றார்.

கடைசிக் கயிறு வந்தது. மேட்டிலிருந்து ஆட்கள் பழக்கத்தில் இறங்கி வந்தார்கள். உருளை நிற்கவில்லை. அவர்கள் நின்றார்கள். கயிறு அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மஸாஹிர் அவர்களைப் பார்க்காமல் காலடியைப் பார்த்தார்.

யூஜீனியா பேசினைக் கீழே வைத்தாள். நடந்து வந்தாள். ஓடுகிற கயிற்றில் கையை வைத்தாள்.

கயிறு அவளை இழுத்தது. அவள் அதோடு நடந்தாள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "என்னத்தப் பாக்கிறீங்க? கயிறு சும்மாதானே போகுது, புடிங்க" என்றாள். ஒரு கிழவர் பிடித்தார். பிறகு இருவர். பிறகு எல்லாரும். புகைக்குள்ளிருந்து கயிறு வந்தது, கயிற்றோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் இழுக்கவில்லை. மஸாஹிர் தலையைத் தூக்கினார். ஒரு கணம் இது அந்தக் கனவா, கரையா என்று அவருக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"கியரக் கூட்டு" என்றார் ஹாஜியார்.

இரண்டாம் கியரில் கயிறு ஆள் நடையை விட வேகமாகப் போகும். பிடித்தவர்கள் விடவேண்டும், அல்லது விழவேண்டும். மஸாஹிர் கியர்ப் பிடியில் கை வைத்தார். அந்த நேரம் முன்னால் வந்த கிழவர் முதலாம் கியருக்கே தடுமாறி முழங்காலில் விழுந்தார். கயிற்றை விடவில்லை. மணலில் ஒரு முழம் இழுபட்டார். யூஜீனியா அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"கூட்டு எண்டா கூட்டு!"

மஸாஹிர் கியரை விட்டார். என்ஜினை நிறுத்துகிற குமிழை இழுத்தார்.

சத்தம் நின்றது. இவ்வளவு பெரிய சத்தம் நிற்கும்போது காது முதலில் அதை நம்பாது. பிறகு அலை கேட்டது, காகம் கேட்டது, ஈரக் கயிறு முறுக்குத் தளர்கிற சின்னக் கரகரப்புக் கேட்டது. அவர் இறங்கினார். சாவியை ஹாஜியாரின் முன்னால் நீட்டினார்.  

"எனக்கு ஏலாது ஹாஜியார். வேற ஆள வைங்க."

எதிர்ப்பக்கம் முபாரிஸும் நிறுத்திவிட்டான். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வலை சாயும் என்பது அவனுக்குத் தெரியும். அவிழ்ந்த கயிற்றைக் கடல் மெல்லப் பின்னால் இழுத்தது. புகைக்குள் மிதப்புக் கட்டைகள் தள்ளாடின. மடிக்குள் மீன் திரும்புவதைத் தண்ணீரின் நிறத்திலேயே கண்டார்கள்.

ஹாஜியார் சாவியை வாங்கி அதே ட்ரக்டரில் ஏறியிருக்கலாம். முபாரிஸைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. சம்மாட்டி வீட்டில் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே மடியில் மீன் துள்ளுவதைப் பார்த்த மனிதர். மூளைக்கு முன்னால் கை போய்விட்டது. சால்வை மணலில் விழுந்தது. வெள்ளைச் சாரத்தோடு தண்ணீருக்குள் இறங்கி யூஜீனியாவுக்கும் அந்தக் கிழவருக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்தார்.

"என்னத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க, இழுங்களேன்!" என்று கத்தினார். "மீன் போகுது!"

இழுத்தார்கள். இப்போது உண்மையாகவே இழுத்தார்கள். முபாரிஸின் பக்கத்துக்கும் பாதிப் பேர் ஓடினார்கள். மஸாஹிர் சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் ட்ரக்டர் இருக்கையில் வைத்துவிட்டு, கடைசி ஆளாகப் போய்க் கயிற்றில் கை வைத்தார்.

மடி கரையேறியது. பெரிய மீன்பாடு இல்லை. சின்னதும் இல்லை. சாளை, காரல், கொஞ்சம் பாரை. எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். ஹாஜியார் இடுப்புவரை நனைந்து, கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது.

ஒருவரும் குனியவில்லை. அவரைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்க்கத் திரும்ப மறந்துவிட்டார்.

யூஜீனியாதான் குனிந்தாள். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். நல்ல பாரை ஒன்றை வாலில் பிடித்து எடுத்தாள். தன் பேசினில் போடவில்லை. ஹாஜியாரிடம் நீட்டினாள்.

"எனக்கு என்னத்துக்கு?" என்றார் அவர்.

"கை வச்சீங்கதானே. புடிங்க. நாங்க ஆளப் பாக்கிறதில்ல."

யாரோ பின்னாலிருந்து சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும். ஹாஜியார் சிரிக்கவில்லை. ஆனால் மீனை வாங்கினார். அது கையில் ஒரு தடவை துடித்தது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் குனியத் தொடங்கினார்கள்.

லொறிக்காரன் பொறுமையிழந்து மேட்டிலிருந்து இறங்கி வந்தான். சிலாபத்து வியாபாரி, சிங்களமும் தமிழும் கலந்து கதைக்கிறவன்.

"கீயத, ஹாஜியார்? ஐஸ் கரையுது. விலையச் சொல்லுங்க."

ஹாஜியார் ஒரு கையில் பாரை மீனோடு, மறு கையை அவன் பக்கம் உயர்த்தினார்.

"பொறு" என்றார். "இன்னும் எடுத்து முடியல்ல."